வாடகை வாரத்துக்கு, சம்பளம் வருடத்துக்கு

எங்கள் சங்கத்து ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு இரண்டு பெண் பிள்ளைகள் வீட்டுக்கு வந்தார்கள். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு உதவியாக இருக்கும், சம்பளப் பகுதியில் இருந்த அனுபவத்தை எழுதுங்கள் என்றார்கள். தேநீர் குடித்து முடித்து வாசல்வரை போன பிறகு ஒருத்தி திரும்பி நின்று, "கொஞ்சம் பொசிட்டிவா எழுதுங்கோ அன்ரி, வாறவை பயப்பிடாமல்" என்றாள். நான் தலையாட்டவில்லை. வருகிறவர்கள் கொஞ்சம் பயப்படட்டும். பயமே இல்லாமல் வந்து இறங்கியவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். பிறகு என் மேசைக்கு முன்னால் நின்று அழுதவர்களும் அவர்கள்தான்.

இப்போது கணினியில் ஆண்டுச் சம்பளத்தைத் தட்டினால், வரி போகக் கைக்கு வருவது எவ்வளவு என்று அது உடனே சொல்லிவிடுகிறதாம். நல்ல விஷயம். ஆனால் கைக்கு வந்த காசு எந்தெந்த வழியால் போகும், யார் யாரை நம்பி யார் யார் வீட்டை விற்றுவிட்டு வருகிறார்கள் என்பதை அது கேட்பதில்லை. எண்பதுகளில் அந்தக் கணினியும் இல்லை, சொல்வதற்கு ஆளும் இல்லை. நான் சொன்னேன். சொன்னதற்காக வேலைத்தலத்திலும் பேச்சுக் கேட்டேன், என் சொந்தச் சனத்திடமும் கேட்டேன். எண்பத்தாறாம் ஆண்டு திரும்பி வந்தாலும் அதையேதான் செய்வேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வருத்தம் தெரிவிக்கும் கட்டுரையை எதிர்பார்ப்பவர்கள் அடுத்த பக்கத்துக்குப் போகலாம்.

கொழும்பில் ஓர் அரசாங்கக் கூட்டுத்தாபனத்தின் சம்பளப் பகுதியில் எழுதுவினைஞராக இருந்தவள் நான். எண்பதுகளின் தொடக்கத்தில் கணவருக்கு வேலை கிடைத்து நியூசிலாந்துக்கு, ஒக்லாந்து நகருக்கு வந்தோம். நகரின் தென்புறத்தில் மனுரேவாவில் வீடு. வந்த புதிதில் ஒனிஹங்காவில் ஒரு பண்டகசாலையில் பெட்டி கட்டினேன். கொழும்பு அனுபவத்தைச் சொன்னால், "நியூசிலாந்து அனுபவம் இருக்கிறதா?" என்று கேட்பார்கள். பெட்டி கட்டியதும் நியூசிலாந்து அனுபவம்தானே என்று ஒரு நேர்முகத்தில் நான் திருப்பிக் கேட்டேன். அந்தக் கேள்விக்குச் சிரித்த பெண்மணிதான் எனக்கு வேலை தந்தார். பெயர் பெரில். ஈஸ்ட் டாமாக்கியில் வாளி, மூடி, கூடை என்று பிளாஸ்டிக் சாமான் வார்க்கும் ஒரு தொழிற்சாலையின் சம்பளப் பகுதி அவருடையது. அங்கே நானும் அவரும் இரண்டே பேர்.

பெரிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். ஐம்பது வயது தாண்டியவர், மெலிந்த உடம்பு, குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. அந்தக் காலத்தில் சம்பளம் காசாக உறையில் போட்டுக் கொடுப்போம். வியாழக்கிழமை சம்பள நாள். புதன்கிழமை வங்கியிலிருந்து காசு வந்ததும் பெரில் அறைக் கதவைப் பூட்டி, தொலைபேசியின் ரிசீவரை எடுத்து மேசையில் கிடத்துவார். அதன்பிறகு பேச்சுக் கிடையாது. ஒவ்வொருவருடைய உறைக்கும் எத்தனை இருபது டாலர் தாள், எத்தனை பத்து, எவ்வளவு சில்லறை என்று முன்கூட்டியே பிரித்து எழுதி வங்கிக்குக் கொடுத்திருப்போம். ஆகவே கடைசி உறை நிரம்பும்போது மேசையில் ஒரு சதமும் மிஞ்சக்கூடாது, குறையவும் கூடாது. தாள்களை மடித்து வைக்கும்போது அவற்றின் மூலைகள் உறைக்கு வெளியே தெரியவேண்டும். தொழிலாளி உறையைக் கிழிக்காமலே மூலைகளை எண்ணிப் பார்த்துவிடலாம். ஒருவர் நிரப்பிய உறையை மற்றவர் பார்த்து, இருவரும் பெயரின் முதலெழுத்தை அதில் போடவேண்டும். அந்த இரண்டு எழுத்தும் இல்லாமல் ஓர் உறையும் அந்த அறையை விட்டு வெளியே போகாது.

பெரில் ஒருநாளும் "பிழை" என்று சொன்னதில்லை. பிழையான தாளை என் பக்கம் தள்ளி, அதன்மேல் ஒரு பென்சிலை வைப்பார். எங்கே பிழை என்று நான்தான் தேடவேண்டும். முதல் மாதம் அந்தப் பென்சிலைக் கண்டால் தாள் முழுவதையும் மேலிருந்து கீழ்வரை இரண்டு தரம் கூட்டிப் பார்ப்பேன். ஒருமுறை ஒரு சமோவாக்காரருடைய வரிக் குறியீட்டை நான் மாற்றிப் போட்டுவிட்டேன். பென்சில் வந்தது. நான் தேடித் திருத்திக் கொடுத்ததும் பெரில் சொன்னார்: "அவர் வீட்டில் வியாழக்கிழமை இரவு இந்தக் காசு வரும் என்று சமையல் நடக்கும், ராஜி." அவர் எனக்குச் சொல்லித்தந்த பாடம் என்று சொன்னால் அது ஒன்றுதான்.

ஆளெடுக்கும் பொறுப்பு வாரனிடம் இருந்தது. பெரிய பதவி, ஆனால் பெயர் சொல்லித்தான் கூப்பிடவேண்டும். எனக்கு நாக்கு வளையவில்லை. "மிஸ்டர் வாரன்" என்று இரண்டுங்கெட்டானாகக் கூப்பிடுவேன், அவர் சிரிப்பார். மோசமான மனிதர் இல்லை. தொழிலாளியின் பிள்ளைக்குச் சுகமில்லை என்றால் தன் காரிலேயே ஏற்றிப்போவார். ஆனால் அவருக்கு டூல்மேக்கர்கள் வேண்டும். பிளாஸ்டிக் வார்க்கும் அச்சை இரும்பில் கடைந்து எடுப்பவர்கள் அவர்கள். இங்கே இருந்தவர்கள் கூடிய சம்பளத்துக்கு அவுஸ்திரேலியாவுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அச்சு இல்லாவிட்டால் தொழிற்சாலை படுத்துவிடும். வாரன் கொழும்புப் பத்திரிகையில் விளம்பரம் போட்டார்.

விண்ணப்பித்துத் தேர்வானவர்களுக்கு வேலைக் கடிதத்தோடு வாழ்க்கைச் செலவு பற்றி ஒரு தாளும் போகும். வாரன் தயாரித்தது. மேலே ஆண்டுச் சம்பளம், ஓவர்டைமும் சேர்த்து. கீழே வாடகை இவ்வளவு, சாப்பாடு இவ்வளவு, மின்சாரம், பஸ் இவ்வளவு. பார்த்தால் மனம் குளிரும்.

அந்தத் தாளை நம்பி முதலில் வந்தவன் செல்வம். முப்பது வயது, திருமணம் ஆகவில்லை, கையில் நல்ல தொழில். ஒனிஹங்காவில் ஒரு வீட்டின் பின்பக்கத்தை வாடகைக்கு எடுத்தான். இரண்டாம் வாரமே வீட்டுக்காரர் தொழிற்சாலைக்குத் தொலைபேசி எடுத்து, உங்கள் ஆள் வாடகை தர மறுக்கிறார், ஏதோ செப்டம்பர் என்கிறார், எனக்கு விளங்கவில்லை என்றார். பெரில் என்னைப் போய்ப் பார்த்துவரச் சொன்னார்.

நான் போனபோது இருவரும் முற்றத்தில் நின்றார்கள். வீட்டுக்காரர் கையில் பற்றுச்சீட்டின் அடிக்கட்டை, செல்வத்தின் கையில் அதே பற்றுச்சீட்டு. இருவரும் அதையே சாட்சியாகக் காட்டினார்கள். வந்த அன்று செல்வம் ஒரு வார வாடகையும் நாலு வார வாடகைக்குச் சமமான பொண்டும் கட்டியிருந்தான். பொண்ட் என்றால் வீட்டுக்குச் சேதம் வந்தால் ஈடுகட்ட வாங்கி வைக்கும் பிணைக்காசு. செல்வத்துக்கு அது கொழும்பில் கட்டும் அட்வான்ஸ். ஊரில் யாராவது வாரவாரம் வாடகை கேட்டு நாம் கண்டதுண்டா? வாடகை என்றால் மாதத்துக்குத்தான். ஆகவே ஐந்து மாத வாடகை கட்டியாகிவிட்டது, இனிச் செப்டம்பருக்குப் பிறகு வந்தால் போதும் என்று அந்த மனிதரை அவன் மரியாதையாகத் திருப்பி அனுப்பியிருக்கிறான்.

விஷயத்தை விளக்கினேன். செல்வம் படியில் உட்கார்ந்துவிட்டான்.

"கிழமைக்கோ அக்கா?"

"ஓம் தம்பி. கிழமைக்கு."

"சாப்பாட்டுக் கணக்கும்?"

"எல்லாம் கிழமைக்குத்தான்."

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது உண்மை. அவன் அடுத்துச் சொன்னதைக் கேட்டுச் சிரிப்பு நின்றுவிட்டது. வாரனின் தாளில் ஆண்டுச் சம்பளத்தைப் பன்னிரண்டால் பிரித்து, வாடகையையும் சாப்பாட்டையும் ஒரே ஒருமுறை கழித்து, மிச்சம் இவ்வளவு என்று பார்த்திருக்கிறான். அந்த மிச்சத்தை நம்பித் தங்கைக்குக் கலியாணம் பேசியிருக்கிறான். சீதனத்தில் மிகுதியை மாதாமாதம் அனுப்புவதாக மாப்பிள்ளை வீட்டாரிடம் ஒப்புக்கொண்டாயிற்று.

மறுநாள் வாரனிடம் போய் உங்கள் தாளில் "வாரத்துக்கு" என்ற ஒரு சொல் இல்லை என்றேன். அவர் உண்மையிலேயே ஆச்சரியப்பட்டார். "வாடகையை மாதத்துக்கு யார் கட்டுவார்கள்?" என்று கேட்டார். அவர் ஏமாற்றவில்லை. அவருக்கு அது சொல்லவேண்டிய விஷயமாகவே படவில்லை, எங்கள் ஆட்களுக்குக் கேட்கவேண்டிய விஷயமாகவும் படவில்லை. தன் பிரதியில் பேனையால் அந்தச் சொல்லை எழுதிக்கொண்டார். அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன்.

முடியவில்லை. அந்த ஆண்டு ஜூலையில், இங்கே குளிர்காலம், கொழும்பிலிருந்து தவராசா என்பவரின் கடிதம் வந்தது. செல்வத்தோடு ஒரே பட்டறையில் வேலை செய்தவர். அவருக்கு வாரன் பழைய தாளை எப்போதோ அனுப்பிவிட்டிருந்தார். மனைவி, மூன்று பிள்ளைகள். எண்பத்து மூன்று கலவரத்தில் வீடு எரிந்து, உடுத்த துணியோடு வெளியே வந்த குடும்பம். ஊரில் மனைவி பெயரில் ஒரு காணி மட்டும் மிச்சம். தவராசா முத்து முத்தான கையெழுத்தில் தன் கணக்கைப் போட்டிருந்தார். அதே பன்னிரண்டு, அதே ஒருமுறை கழித்தல். கடைசி வரியில், இந்தக் கணக்குச் சரி என்று தாங்கள் உறுதிப்படுத்தினால் மனைவியின் காணியை விற்று ஐந்து பேருக்கும் பயணச்சீட்டு எடுத்துவிடுவேன் என்று எழுதியிருந்தார்.

வாரன் என்னை அழைத்துக் கடிதத்தைக் காட்டினார். முகத்தில் மகிழ்ச்சி. "கணக்குச் சரியாகத்தானே போட்டிருக்கிறார்" என்றார். நான் வாடகை வரியில் விரலை வைத்தேன். அவர் பார்த்தார். விளங்கியது. கடிதத்தை மடித்து உறைக்குள் வைத்தார்.

"விவரமான ஆள், ராஜி. வந்து பார்த்துச் சமாளித்துக்கொள்வார். எல்லாரும் சமாளிக்கத்தானே செய்கிறார்கள்" என்றார். பிறகு சொன்னதுதான் என்னைச் சுட்டது. "நீங்கள் தமிழில் இரண்டு வரி எழுதி, கீழே உங்கள் பெயரைப் போடுங்கள். உங்கள் பெயரைக் கண்டால் அவருக்குத் தைரியம் வரும்."

வாரத்துக்கு என்று எழுதலாமா என்று கேட்டேன். அதை வந்த பிறகு சொல்லலாம் என்றார். அதுவரை நடந்தது அறியாமை. அந்த நிமிடத்திலிருந்து அது வேறு. தெரிந்துகொண்டே ஒரு மனிதரைக் காணி விற்க வைக்க என் பெயரைத் தூண்டிலில் குத்தும் புழுவாக்கப் பார்க்கிறார்கள் என்று எனக்குக் கொதித்தது. யோசிக்கவேண்டும் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

செய்தி எப்படியோ செல்வத்துக்குப் போய்விட்டது. மத்தியானச் சாப்பாட்டு அறையில் என் எதிரில் வந்து உட்கார்ந்தான். ஊருக்கு அவன் எழுதிய கடிதங்களில் எல்லாம் சுகம், எல்லாம் வசதி. கஷ்டத்தை எழுதுகிற வழக்கம்தான் நம்மிடம் கிடையாதே. வெளிநாட்டில் இருப்பவன் சிரித்த முகத்தோடு ஒரு காருக்குப் பக்கத்தில் நின்று படம் அனுப்பவேண்டும், அது யாருடைய கார் என்பதை எழுதக்கூடாது.

"எழுதாதேங்கோ அக்கா. தவராசா அண்ணைக்குத் தெரிஞ்சால் அது மாப்பிள்ளை வீட்டுக்கும் போயிடும். சம்பந்தம் குழம்பிப்போம்."

"உம்மட தங்கச்சியின்ர கலியாணம் நடக்கிறதுக்காக அந்த மனிசன் மூண்டு பிள்ளையளோட வந்து இஞ்சை தெருவிலை நிக்கவேணுமோ தம்பி?"

"வரட்டும். வந்தால் நாங்கள் எல்லாரும் பாக்கமாட்டமோ? அங்கை இருந்தால் உயிருக்கே உத்தரவாதம் இல்லை. நீங்கள் எழுதப்போய் அவர் நிண்டிட்டால், பிறகு அங்கை ஏதும் நடந்தால்?"

என்னைத் தடுமாற வைத்தது இதுதான். கம்பனிக்கு எதிராக நிற்பது கடினமாகத் தெரியவில்லை. உண்மையைச் சொல்லி, அந்த உண்மையே ஒரு குடும்பத்தை நெருப்புக்குப் பக்கத்தில் கட்டிப்போட்டுவிட்டால் என்ன செய்வது? செல்வத்துக்குத் தன் தங்கையைப் பற்றிய கவலை இருந்தது, ஆனால் அவன் கேட்ட கேள்வி நேர்மையான கேள்வி. பின்னேரம் காரில் வீட்டுக்குப் போகும்போது கணவரிடம் சொன்னேன். உனக்கேன் இந்த வேலை, உன் வேலை போனால் வீட்டுக்கடன் மோட்கேஜை யார் கட்டுவது என்றார். அவர் சொன்னதும் நியாயம்தான். எல்லாரிடமும் ஒவ்வொரு நியாயம் இருந்தது. காணி மட்டும் தவராசாவின் மனைவியுடையது.

கடைசியில், வரவேண்டாம் என்று எழுதுவதில்லை என்று முடிவுசெய்தேன். வா என்றும் எழுதுவதில்லை. வந்தால் எப்படி இருக்கும், எப்படி வந்தால் தாங்கும், இந்த இரண்டையும் எழுதுவது. உள்ளூர்க் கடைகளில் விலை பார்த்தேன். வாடகை விளம்பரங்களைப் பார்த்தேன். ஓவர்டைமை நம்பாதீர்கள், அது இருந்தால் இருக்கும், இல்லாவிட்டால் இல்லை, அடிப்படைச் சம்பளத்தை மட்டும் வைத்து எண்ணுங்கள் என்று தொடங்கினேன். வரிப் பத்திரம் நிரப்பிக் கொடுக்கும்வரை முதல் வாரங்களில் கூடுதலாகப் பிடிப்பார்கள். யூனியன் சந்தா போகும். கம்பனி தரும் விமானக் கடனை ஒவ்வொரு வியாழக்கிழமையும் வெட்டுவார்கள். வாரனின் தாளில் பஸ் செலவு இருந்தது, அவர் வாழ்நாளில் பஸ்ஸில் போனவர் இல்லை. குடும்பத்தோடு இருக்க மனுரேவாவில்தான் கட்டுப்படியாகும், அங்கே ரயில் உண்டு, ஆனால் அது ஈஸ்ட் டாமாக்கிப் பக்கம் போகாது. காலை ஏழு மணி ஷிப்டுக்கு முன் பஸ்ஸும் கிடையாது. பழைய காராவது வேண்டும், அதற்குப் பெற்றோலும் வேண்டும். அக்டோபரில் பொருட்களுக்குப் புது வரி வருகிறது, சம்பள வரி குறையும் என்கிறார்கள், குறைந்த பிறகு எண்ணிக்கொள்ளுங்கள். எல்லாம் வாரக் கணக்கு. ஒருவர் சம்பளத்தில் ஐந்து பேர் என்றால் வாரம் முடியுமுன் காசு முடிந்துவிடும் என்று மறைக்காமல் எழுதினேன்.

அதன் கீழேதான் வாரனுக்கு வலித்த பகுதி. கையெழுத்துப் போடுமுன் கம்பனியிடம் மூன்று விஷயம் கேளுங்கள் என்றேன். விமானச் செலவைக் கடனாக இல்லாமல் கம்பனியே ஏற்கவேண்டும். முதல் மூன்று மாதத்துக்குப் பொண்டும் வாடகையும் கம்பனி கட்டவேண்டும். மனைவிக்குப் பொதி கட்டும் பகுதியில் வேலை தரவேண்டும். உங்களுக்கு வேலை வேண்டும், அதைவிட அவர்களுக்கு நீங்கள் வேண்டும், இதை மறக்கவேண்டாம் என்று எழுதி என் முழுப் பெயரையும் போட்டேன். அவர்கள் கேட்ட பெயர்தானே.

செலவுத் தாளை ஆங்கிலத்திலும் எழுதி, பெரிலின் மேசையில் வைத்தேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. ஒவ்வொரு வரியாகப் பார்த்தார். பிறகு தாள் என் பக்கம் வந்தது, மேலே பென்சில். குளிர்கால மின்சாரத்தைக் குறைத்துப் போட்டிருந்தேன். மூன்று பிள்ளைகள், காயாத துணி, ஹீட்டர். திருத்தினேன். கீழே காலியாக இருந்த இடத்தில் பெரில் தானே ஒரு வரி எழுதினார்: பிள்ளைகளுக்குச் சப்பாத்து. ஓரத்தில் தன் முதலெழுத்தைப் போட்டார். நான் என்னுடையதைப் போட்டேன்.

கடிதத்தைத் தபாலில் போட்டேன், ஆனால் ஒளிக்கவில்லை. பிரதி ஒன்றை வாரனின் மேசையில் நானே கொண்டுபோய் வைத்தேன், மூன்று கோரிக்கைக்கும் ஆங்கிலம் சேர்த்து. ஒரு மணி நேரத்தில் அவர் எங்கள் அறைக்கு வந்தார். அவர் கோபப்பட்டு நான் பார்த்தது அன்றுதான்.

"நீங்கள் யாருக்கு வேலை செய்கிறீர்கள், ராஜி?"

"உங்களுக்குத்தான். என் பெயரில் கடிதம் கேட்டீர்கள். என் பெயரில் போகிற கடிதம் இப்படித்தான் இருக்கும்."

அனுமதி இல்லாமல் கம்பனிக்கு எதிராகப் பேரம் பேசக் கற்றுக்கொடுத்திருக்கிறீர்கள், இதற்கு வேலையை விட்டே நிறுத்தலாம் என்றார். நிறுத்துங்கள் என்று வாய்வரை வந்துவிட்டது, மோட்கேஜ் நினைவு வந்து விழுங்கிக்கொண்டேன். பெரில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அதில் என் கையெழுத்தும் இருக்கிறது, வாரன். என் அறையிலிருந்து போகும் கணக்கில் பிழை இருந்தால் சொல்லுங்கள், திருத்துகிறேன்" என்றார்.

வாரன் நின்றபடியே இன்னொருமுறை தாளைப் பார்த்தார். "பிழை இல்லை" என்றார். "அதுதான் தொல்லை."

என்னை நிறுத்தவில்லை. வெளிநாட்டுக் கடிதங்கள் எதுவும் இனி என் கைக்கு வரக்கூடாது என்று மட்டும் உத்தரவு வந்தது. அதற்குப் பிறகு வாரக்கணக்காகக் கொழும்பிலிருந்து ஒரு வரியும் இல்லை. அந்த நாட்களைப் போல மோசமான நாட்கள் எனக்கு வேறு வந்ததில்லை. வானொலியில் கொழும்பு என்ற சொல் வந்தால் தண்ணீர்க் குழாயை மூடிவிட்டுக் காது கொடுப்பேன். தவராசாவின் பிள்ளைகளின் முகம் எனக்குத் தெரியாது, ஆனாலும் மூன்று முகங்கள் என் சமையலறையில் நிற்கும். எழுதியது சரி என்று பகலில் நினைப்பேன், படுக்கப் போகும்போது செல்வத்தின் கேள்வி வந்துவிடும்.

நம்முடைய சனமும் சும்மா இருக்கவில்லை. ஒரு பிறந்தநாள் விருந்தில், எனக்குக் கேட்கவேண்டும் என்றே ஒருத்தி பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள்: "ராஜிக்கு, தான் வந்திட்டா, இனி மற்றவை வாறது பிடிக்கேல்லை." நான் வடைத் தட்டோடு அவளுக்கு முன்னால் போய் நின்றேன். "ஓம், வந்து அழுறது எனக்குப் பிடிக்கேல்லை. வடை எடுங்கோ" என்றேன். அவள் வடை எடுத்தாள். அதன்பிறகு எங்களுக்கு அழைப்புகள் குறைந்தன. சனிக்கிழமைகளில் வீடு கூட்ட நேரம் கிடைத்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வசந்தம் தொடங்கிய பிறகு ஒருநாள் வாரன் ஒரு கடிதத்தோடு வந்து அதை என் மேசையில் போட்டார். "நன்றாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறீர்கள்" என்றார். தவராசா மூன்றையும் கேட்டிருந்தார், வரிசை மாறாமல், மரியாதையான ஆங்கிலத்தில். வாரன் இரண்டு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்துவிட்டு இரண்டுக்கு ஒத்துக்கொண்டார். விமானச் செலவு கடனாகவே இருந்தது, அடைக்கும் காலத்தை மட்டும் நீட்டினார். அவருக்கு அச்சு வேண்டும், வேறு வழி இல்லை. செல்வத்தின் தங்கை கலியாணமும் குழம்பவில்லை. தவணையை நீட்டிக் கேட்டு அவனே மாப்பிள்ளை வீட்டுக்கு எழுதினான், அவர்கள் முணுமுணுத்துவிட்டு ஒப்புக்கொண்டார்கள். எழுதும் துணிவு அவனுக்கு எங்கிருந்து வந்தது என்று நான் கேட்கவில்லை.

எனக்கு என்ன நட்டம் என்று கேட்பீர்கள். பெரில் ஓய்வு பெற்றபோது அந்த நாற்காலி எனக்கு வந்திருக்கவேண்டும். வெளியிலிருந்து ஒருவரைக் கொண்டுவந்து உட்காரவைத்தார்கள், அவருக்கு வேலை பழக்கியது நான். காரணத்தை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. எனக்குத் தெரியும், அவர்களுக்கும் தெரியும். அன்று வீட்டுக்கு வந்து அழுதேன். மறுநாள் போய் உறை நிரப்பினேன். அந்தக் கடிதத்தை எழுதாமல் விட்டு அந்த நாற்காலியில் இருந்திருக்கலாமே என்று ஒருநாள்கூட நினைத்ததில்லை.

ஆனால் தவராசா குடும்பம் வந்து இறங்கிய நாளைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரையே வேண்டாம். மார்கழி, இங்கே கோடை வெயில். விமான நிலையத்துக்கு நானும் கணவரும் போனோம், செல்வமும் வந்திருந்தான். கதவு திறந்து தவராசா இரண்டு பெட்டிகளோடு வந்தார், பின்னால் பிள்ளைகள், கடைசியில் மனைவி புஷ்பம். நான் எனக்குள் தயாராகிக்கொண்டேன். பயமுறுத்திய மனுஷி நீதானா என்று கேட்டால் கேட்கட்டும், ஓம் என்று சொல்லுவேன் என்று நின்றேன். புஷ்பம் நேரே என்னிடம் வந்தார்.

"ராஜி அக்காவோ?"

"ஓம்."

"கம்பனிக்காரர் வாங்கோ எண்டு எழுதினவை. செல்வமும் வாங்கோ எண்டுதான் எழுதினவர். இவர் துள்ளிக்கொண்டு நிண்டார். நான் ஒரேயடியாய் மாட்டன் எண்டு சொல்லிப்போட்டன் அக்கா. எல்லாம் நல்லாயிருக்கு எண்டு மட்டும் சொல்லுற இடத்துக்குப் பிள்ளையளைக் கொண்டுபோக எனக்குத் துணிவில்லை. கஷ்டம் எண்டு எழுதினது நீங்கள் ஒராள்தான். அதை வாசிச்சுப்போட்டுத்தான் நான் காணியை வித்தனான்."

எனக்குப் பெருமையும் பயமும் ஒன்றாக வந்தன. என் ஒரு கடிதத்தை நம்பி ஒருத்தியின் காணி போய்விட்டது. சின்னப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு காருக்கு நடந்தேன். அன்று முதல் இன்றுவரை, வரலாமா என்று என்னிடம் கேட்ட ஒருவருக்கும் நான் செலவில் ஒரு சதம்கூடக் குறைத்துச் சொன்னதில்லை. இனியும் சொல்லமாட்டேன்.